பின்னால் வரும் வெளிச்சம்

தன் மனைவி சந்தனமாரியைப் பிச்சைக்கனி கடைசியாக உயிரோடு பார்த்தது, அவள் தன் சைக்கிள் விளக்கை அணைத்த பிறகுதான். அது எரிந்துகொண்டிருந்தவரை வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது, வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்தவள் தெரியவில்லை. ஓடைப் பாலத்தில் ஒரு காலை ஊன்றி நின்று அவர் திரும்பிப் பார்த்தார், கண் கூசியது. "அணைட்டி அதை. என் நிழலு எனக்கு முன்னாடி விழுது, பள்ளம் தெரிய மாட்டேங்கு" என்றார். டக்கென்று சின்னதாக ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கண்ணுக்குள் பச்சையாக ஒரு வட்டம் மிதந்தது. அது கரைந்ததும், சேலைக்கு மேலே அவள் போட்டிருந்த அவருடைய பழைய நீலச் சட்டை முதலில் தெரிந்தது, பிறகு தலையில் கட்டிய துண்டு, பிறகு முகம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை, சொன்னாள். "சரி, போங்க" என்றாள். அதில் சலிப்பு இருந்ததா, அவர் சத்தம் போட்டதற்கான வருத்தம் இருந்ததா, தூக்கக் கலக்கம்தானா என்று இரண்டு வருஷமாக அந்த இரண்டு சொல்லையும் காதில் போட்டுக் குலுக்கிப் பார்க்கிறார். ஒரு நாளைக்கு ஒரு மாதிரி கேட்கிறது. நேற்றுக் காலையில் அடுப்பு மூட்டும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னது போலக் கேட்டது, அது பொய் என்று அவருக்கே தெரியும், அந்த நேரத்தில் யாரும் சிரிப்பதில்லை. எதிரே சைக்கிள் கடை ஞானதுரை கண்ணாடி மேசைமேல் நாலாவது விளக்கை எடுத்து வைத்தான். "இதைப் பாருங்க அண்ணாச்சி. போன மாசம்தான் வந்தது. அடிச்சா அரை மைல் போவும். முயலு கண்ணு வரைக்கும் தெரியும்."

"முயல் பிடிக்கவா போறோம்? உப்பு வாரல்லா போறோம்" என்றாள் ஜெயக்கொடி. அவள் அவருடைய ஒரே மகன் வேல்ராஜின் மனைவி. வேல்ராஜ் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருக்கிறான், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வந்து போகிறவன். மழை ஓய்ந்து உப்பளத்துப் பாத்திகள் விளைந்துவிட்டன, நாளை விடிவதற்குள் இந்த வருஷத்து முதல் வாரல். அவளே கங்காணியிடம் போய்ப் பேசித் தனக்கொரு இடம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாமனாரிடம் கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். அவள் மீது தப்பில்லை. வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைக் குத்தும், பாத்தியில் நிற்க முடியாது, ஆகவே உப்பளத்து வேலை இரவு இரண்டரைக்குத் தொடங்கும், ஆகவே வீட்டிலிருந்து ஒன்றரைக்குக் கிளம்ப வேண்டும். ஏழு கிலோமீட்டர். ஒரு தெருவிளக்கு கிடையாது. இரண்டு வருஷமாக அவர் இருட்டில் சைக்கிளைத் தொடவில்லை, உப்பு மூட்டைகளுக்குப் பகல் காவலாகப் போய்வந்துகொண்டிருந்தார். ஆனால் அவளைத் தனியே விட முடியுமா? "நானும் கூட வாரேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன அன்று ராத்திரியிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. படுத்தால் சாலை வந்துவிடுகிறது. கருவேல மரங்கள் இரண்டு பக்கமும் குனிந்து நிற்க, நடுவில் ஒற்றை வண்டி போகிற அகலத்துக்குத் தார், அதன் ஓரம் பிய்ந்து பிய்ந்து மண்ணோடு கிடக்கிறது. முன்னால் அவர் போகிறார். பின்னால் சக்கரம் சுற்றுகிற சத்தம் வருகிறது. திரும்பினால் யார் இருப்பாள் என்பது ஒவ்வொரு முறையும் மாறிவிடுகிறது.

வெளியே ஓர் ஆடு பஞ்சர் பார்க்கிற தொட்டியில் வாயை வைத்து உறிஞ்சியது. ஞானதுரை "ச்சூ" என்றான், அது காதில் வாங்கவில்லை. மதியம் மூன்று மணி. கடைக்குள் ரப்பர் வாடையும் சொல்யூஷன் வாடையும் அடித்தன. பிச்சைக்கனி ஒவ்வொரு விளக்காக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முதலாவதில் பேட்டரி போடுகிற இடத்தில் ஸ்பிரிங் வெளியே தெரிந்தது, உப்புக்காற்று பட்டால் ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும், பிறகு தட்டினால் எரியும், தட்டாவிட்டால் எரியாது. இரண்டாவது மினுக்குகிற ஜாதி. மினுக்கினால் பள்ளம் இங்கே இருக்கிறதா அங்கே இருக்கிறதா என்று கண் தடுமாறும். மூன்றாவதன் வெளிச்சம் ஊசி மாதிரி நேரே போகிறது, தார் தெரியும், தாரின் ஓரம் தெரியாது. நாலாவதை அவர் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார், விரல்களின் இடுக்கில் ரத்தம் சிவப்பாகத் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் அவளை அடையாளம் காட்டச் சொன்னபோது பார்த்த வெள்ளை அது. உடனே அணைத்தார். இந்த விரல். இந்த வாய். இதெல்லாம் பார்ப்பதற்கான விளக்குகள். நாம் பார்ப்பதற்கு. அவர் அறுபது வயது வரை விளக்கு என்றால் அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உப்பளச் சாலையில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அங்கே சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது, யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால், முன்னால் போகிறவன் மட்டும் விளக்குப் போடுவான். பின்னால் வருகிறவள் விளக்கு எரிந்தால் முன்னால் போகிறவனின் நிழல் பூதம் மாதிரி நீண்டு அவனுக்கு முன்னால் விழும், அந்தக் கறுப்புக்குள் பள்ளமும் கல்லும் பாம்பும் ஒன்றாகிவிடும். அதனால் பின்னால் இருக்கிறவள் அணைத்துவிடுவாள், அவன் சக்கரச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவாள். எத்தனை வருஷம் எத்தனை பேர் இப்படிப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அவள் ஏன் போட்டாள் என்றுதான் தெரியவில்லை. பாலத்துக்கு முன்னால் செயின் கழன்றது, மாட்டுவதற்காகப் போட்டாள், மாட்டிய பிறகு அணைக்க மறந்துவிட்டாள், அப்படித்தான் இருக்கும். அல்லது பயமாக இருந்ததோ என்னவோ. பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லமாட்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் சொன்னதில்லை. அணைக்கச் சொன்னதற்கு முன்னால் அவர் கேட்டிருக்கலாம்.

"இது டைனமோ" என்றான் ஞானதுரை. "பழைய காலத்து ஆளு நீங்க, உங்களுக்கு இதுதான் ஒத்துவரும். சக்கரம் சுத்துற வரைக்கும் எரியும்." "நின்னா?" "நின்னா அணைஞ்சிரும்." வேண்டாம் என்று தலையசைத்தார். நிற்கும்போது அணைகிற விளக்கு வேண்டாம். பாலத்தில் நின்றார்களே, அங்கே அணைந்தது போதும். அன்றைக்கு எதிரே வந்த லாரிக்கும் ஒரு விளக்குத்தான் எரிந்தது. வலது பக்கத்து விளக்கு செத்துப்போய் இடது பக்கத்தது மட்டும் எரிந்து வந்தது, தூரத்தில் பார்த்தபோது மோட்டார் சைக்கிள் என்றுதான் நினைத்தார், நாலு ஆள் போகிற இடம் மீதி இருக்கிறது என்று நினைத்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் இருட்டுக்குள்ளிருந்து லாரியின் மற்றப் பாதி முளைத்தது. டிரைவர் நல்லவன்தான், அவர் விளக்கைப் பார்த்து இடது பக்கம் மண்ணில் இறங்கி வழிவிட்டான். காற்று மட்டும் அவரைத் தள்ளியது. அவரைத் தாண்டியதும், வழிவிட்டாகிவிட்டது என்று, மறுபடி தாருக்கு ஏறினான். "ஒரு லைட்டுதான் வந்துச்சு, ஒரு லைட்டுக்கு ஒதுங்கினேன்" என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதான், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு லைட்டுதான் வந்தது, அது உண்மை. அடித்த சத்தம் பெரிதாக இல்லை. ஈரச் சாக்கை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, சுற்றுவது குறைந்து குறைந்து நிற்பது வரை அவர் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். போய்ப் பார்க்கவில்லை. சக்கரம் நின்ற பிறகுதான் போனார். இதையும் யாரிடமும் சொன்னதில்லை.

விடிந்ததும் ஊரார் வந்தார்கள். முள்ளுக்குள் கிடந்த அவளுடைய விளக்கை யாரோ ஒருவன் எடுத்துப் பொத்தானை அமுக்கினான், எரிந்தது. கண்ணாடி கூட உடையவில்லை. "பேட்டரி நல்லாத்தானய்யா இருக்கு. அணைச்சிட்டுல்லா வந்திருக்கா, பாவி மக" என்றான். அதோடு முடிந்தது. சந்தனமாரி சிக்கனத்தில் கொஞ்சம் கெட்டி, ரேடியோவுக்கு மருந்து தீர்ந்த பேட்டரியை எடுத்து ஓட்டுமேல் காயவைத்து இன்னொரு நாள் பாட்டுக் கேட்பாள், அடுப்பில் மீந்த விறகை மண் போட்டு அணைத்து மறுநாளைக்கு வைப்பாள். ஊரே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. அதனால் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போய் உசுரை விட்டாள். அந்த நேரத்தில் உண்மை அவர் வாய்வரை வந்தது. நாக்கில் இருந்தது, உப்புக் கரித்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், தண்ணீரோடு அதையும் விழுங்கினார். பதினாறாம் நாள் சொல்லலாம் என்று நினைத்தார், அன்றைக்குச் சொன்னால் பந்திக்கு வந்தவர்கள் என்ன நினைப்பார்கள். வருஷத் திதிக்குச் சொல்லலாம். அதற்குள் அது வேறொன்றாகிவிட்டது. உப்பளத்துக்குப் புறப்படுகிற பெண்களிடம் மாமியார்கள் சொல்கிற பேச்சாகிவிட்டது: லைட்டப் போட்டுட்டுப் போட்டி, சந்தனமாரி ஆயிராத. அவர் தெருவில் போகும்போது சொன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அது அவர்களுடைய மரியாதை. அவளுடைய பெயர் அப்படித்தான் ஊரில் உயிரோடு இருக்கிறது. அவர் ஒரு தடவை வாய் திறந்தால் போதும்.

"சீக்கிரம் சொல்லுங்க மாமா, போயி மாவு ஆட்டணும்" என்றாள் ஜெயக்கொடி. பிறகு ஞானதுரையைப் பார்த்து, "எங்க வீட்டுல லைட்டு விசயத்துல கஞ்சத்தனம் ஆவாதுண்ணே. எங்க அத்தை மிச்சம் பிடிச்சது போதும். நல்லதா, கெட்டியா ஒண்ணு குடுங்க" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவள் சந்தனமாரியோடு ஒன்றரை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவள், செத்த அன்றைக்கு மயங்கி விழுந்தவள். ஆனாலும் பிச்சைக்கனி கையிலிருந்த விளக்கை மேசைமேல் வைத்துவிட்டார். "ஞானதுரை" என்றார். "சுவிட்ச் இல்லாத லைட்டு இருக்கா?" "என்னது?" "அணைக்க முடியாத மாதிரி. யாரு சொன்னாலும் அணைக்க முடியாத மாதிரி." ஞானதுரை சிரித்தான். "அப்படி ஒண்ணு மேலதான் இருக்கு அண்ணாச்சி, காலையில வந்து சாயங்காலம் போவும். அணைக்காம எப்படி? நாலு நாள்ல சார்ஜு தீந்து கட்டையாப் போவும்." "சுவிட்சை ஈயம் வச்சுப் பத்தவச்சு மூடித் தர முடியுமா?" "பத்த வைக்கலாம். ஆனா என்னத்துக்கு? வேணாம்னா கையால அணைக்கப் போறாவ, வேணும்னா போடப் போறாவ." ஜெயக்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று நினைத்திருப்பாள். "மாமா, நான் அணைக்க மாட்டேன். சின்னப் பிள்ளையா நான்?" என்றாள். அணைப்பாய், என்று அவர் மனசுக்குள் சொன்னார். நீ அணைப்பாய். முதல் நாள் இல்லாவிட்டால் நாலாம் நாள். முன்னால் போகிற கிழவன் தடுமாறுகிறானே, பாவம், என்று நீயாகவே அணைப்பாய். அதைத்தான் எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. யாரும் சத்தம் போடாமலே, யாரும் சொல்லாமலே அந்த வழக்கம் உன் கைக்கு வந்துவிடும்.

ஞானதுரை சலிக்காதவன். "பகல்ல என்னத்தைப் பாத்து வாங்குவீங்க. வாங்க, பின்னால குடோன்ல இருட்டா இருக்கும், அடிச்சுக் காட்டுதேன்" என்று ஐந்தாவதாக ஒன்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். வெளிச்சம் பரந்து விழுகிற ஜாதி, கறுப்பு ரப்பரால் மூடியிருந்தது, உப்பு உள்ளே போக இடமில்லை. நல்ல விளக்குதான் என்று கை சொன்னது. பின்கட்டில் டயர்கள் கூரையிலிருந்து மாலை மாலையாகத் தொங்கின. அவன் தகரக் கதவைச் சாத்தினான். முழு இருட்டு. பக்கத்தில் ஜெயக்கொடியின் வளையல் சத்தம் கேட்டது, சத்தம் மட்டும். "அண்ணாச்சி நீங்க முன்னால நில்லுங்க, சைக்கிள்ல போற மாதிரி நெனச்சுக்கிடுங்க. தங்கச்சி, நீ பின்னால நின்னு அடி" என்றான் ஞானதுரை. விளக்கு எரிந்தது. சுவர் முழுக்க அவருடைய நிழல் எழுந்தது. தொங்குகிற டயர்களுக்குள் தலை போய், தலையில்லாமல் தோளும் கையும் மட்டும் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் கையைக் கொஞ்சம் அசைத்தார், அதுவும் அசைத்தது. தரையில் அவர் காலுக்கு முன்னால் என்ன கிடக்கிறது என்று தெரியவில்லை, ஒரே கறுப்பு. "நிழலு விழுதுல்லா" என்றார், தனக்குத்தானே. "மேல மாட்டினா நிழலு குறையும், கீழ மாட்டினா நீளும். விழாம இருக்க வழியில்ல அண்ணாச்சி, பின்னால லைட்டு வந்தா நிழலு விழத்தான் செய்யும்" என்றான் ஞானதுரை. அப்போது பின்னாலிருந்து ஜெயக்கொடி, "ஆமா மாமா, உங்களுக்கு முன்னால கிடக்கது ஒண்ணும் தெரியாதே. நாளைக்கு நீங்க முன்னால போட்டுக்கிட்டுப் போங்க, நான் அணைச்சுக்கிடுதேன்" என்றாள். சொல்லிக்கொண்டே அணைத்தாள். டக்.

"அணைக்காத!" என்று ஒரு சத்தம் கேட்டது. குடோனே அதிர்ந்தது, தகரம் ஒன்று எங்கேயோ நடுங்கியது. அது தன்னுடைய குரல் என்று பிச்சைக்கனிக்குத் தெரிய ஒரு கணம் ஆனது. கண்ணுக்குள் பச்சை வட்டம் வந்துவிட்டது, மிதந்தது, கரையப் போகிறது, கரைந்தால் ஒரு முகம் தெரிந்துவிடும். "போடு. போடு தாயி, அதைப் போடு" என்றார். விளக்கு எரிந்தது. அவர் திரும்பி வெளிச்சத்தைப் பார்த்தே பேசினார், அவள் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. "உங்க அத்தை மிச்சம் பிடிக்கல. அவ போட்டுக்கிட்டுத்தான் வந்தா. எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாலத்துல வச்சு நான்தான் அணைக்கச் சொன்னேன். நிழலு விழுதுன்னு சத்தம் போட்டேன். அணைச்சா. பாலத்தைத் தாண்டி நூறடி கூட இருக்காது." வேறென்ன இருக்கிறது என்று தேடினார். சக்கரம் நிற்கும்வரை நின்றதைச் சொல்ல வேண்டும். "அவ கிட்டப் போகவும் இல்ல நான். கொஞ்ச நேரம் நின்னேன்" என்றார். ஞானதுரை கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தகரத்தில் கையை வைத்தபடி நின்றான். அழுவாள் என்று எதிர்பார்த்தார், அவள் அழவில்லை. "நானும் சொன்னேனே மாமா" என்றாள். "இப்பக்கூட, இவங்க கிட்ட. ரெண்டு வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேனே. என் வாயிலயே சொன்னேனே." "நீ என்ன செய்வ." "நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? நான் சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சில நாள், அவள் சொல்லும்போது, தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லியிருக்கிறார்.

ஞானதுரை கதவைத் திறந்தான். வெயில் உள்ளே வந்ததும் விளக்கின் வெளிச்சம் இருக்கிற இடம் தெரியாமல் போயிற்று, ஆனால் அவள் அணைக்கவில்லை. எரிகிறபடியே கடை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "இதே மாதிரி ரெண்டு குடுங்க" என்றாள். ஞானதுரை அவர்களுடைய சைக்கிள்களை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து திருகாணியைத் தேடத் தொடங்கினான், வழக்கமாக விசில் அடிக்கிறவன், அடிக்கவில்லை. அவன் ஹேண்டில்பாரில் இரண்டாவதை மாட்டும்போது ஜெயக்கொடி மாமனாரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு நான் முன்னால போறேன். நீங்க பின்னால போட்டுக்கிட்டு வாங்க." "உனக்கு நிழலு விழும்." "விழட்டும். இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறேன். லேட்டானா கங்காணி கத்துவான், கத்தட்டும்." பிறகு, "நீங்க அணைக்கக் கூடாது. நான் சொன்னாலும் அணைக்கக் கூடாது" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்த வரவில்லை. அவளை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமா, கேட்டால் அவள் என்ன செய்வாள், அவளா மன்னிக்க வேண்டியவள். ஒரு பழைய டயரைத் தேடி உட்கார்ந்தார். "ஊர்ல சொல்லணும் மாமா" என்றாள். "சொல்லணும்." "நான் சொன்னா சரி வராது. நீங்கதான் சொல்லணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி." "போயித்தான் சொல்லணும்" என்றார் பிச்சைக்கனி. யாரிடம் முதலில் என்று யோசித்தார். வடக்குத் தெருவிலிருந்து தொடங்குவதா, கோயில் பக்கத்திலிருந்தா. கதவைத் தட்டினால் உள்ளே வாங்க என்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், அதைக் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் சொன்னால் அடுத்த வீட்டுக்கு அது தானே போய்விடும் என்று எண்ணக் கூடாது, அப்படித் தானே போனது அந்தப் பொய். இந்தக் கடைக்குள் இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் இன்னும் நூற்றெழுபது வீடுகள் இருந்தன.